ஈரக்கை அலைவரிசை

நான் எதைச் சொன்னாலும் அதைப் பத்தால் வகுத்துக்கொள்ள வேண்டும் என்பது திருச்சி தில்லை விலாஸ் ஹோட்டலில் சட்டம். சட்டத்தைப் போட்டவர் சரக்கு மாஸ்டர், அதாவது அடுக்களையின் சர்வாதிகாரி. ஒருநாள் நான் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, முந்நூறு அடி டவரின் உச்சியில் ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி மறு கையால் காபி குடித்த சம்பவத்தை விவரித்துக்கொண்டிருந்தேன். அடுக்களை ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "முப்பது அடி!" என்றார் அவர். ஹாலே சிரித்தது. அன்றிலிருந்து நான் வாயைத் திறந்தால் போதும், உள்ளேயிருந்து "வகு!" என்று குரல் வரும். நானும் லேசுப்பட்டவன் இல்லை. எப்படியும் வகுக்கப்போகிறார்கள் என்று தெரிந்த பிறகு, முன்கூட்டியே பத்தால் பெருக்கிவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பேன்.

அங்கே எனக்குப் பெயர் டவர் சார். தொலைபேசித் துறையில் முப்பத்தாறு வருஷம் கம்பியில்லாத் தகவல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். இதை மட்டும் வகுக்க வேண்டாம், ஓய்வூதியப் புத்தகம் இருக்கிறது.

ஹோட்டல் முதலாளி தில்லைநாயகம் என்னோடு காலையில் நடக்க வருபவர். பொங்கல் முடிந்த வாரம் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். பைக்குள் உள்ளங்கை அளவில் ஆறு கருவிகள். சர்வர் மேஜையருகே நின்று ஆர்டரை அமுக்கினால் அடுக்களையில் சீட்டு விழ வேண்டும். சர்வர்கள் அதற்குக் கைப்பொட்டி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"காலையில சமத்தா வேலை செய்யுது டவர் சார். மத்தியானம் பன்னெண்டரை ஆனா செத்துப்போகுது. நேத்து மூணாம் நம்பர் டேபிள்ல கேட்ட பூரி, அவங்க கை கழுவி வெத்தலை போடுறப்ப வந்து நிக்குது."

"பன்னெண்டரைக்கு என்ன வருது?"

"கூட்டம் வருது."

"அதான் வியாதி. மனுஷன்னா யாரு நாயகம்? சட்டை போட்ட தண்ணிக்குடம். வைஃபை அலை தண்ணிக்குள்ள போச்சுன்னா திரும்பி வராது. நூத்தம்பது குடத்தை வரிசையா உட்கார வெச்சிருக்கீங்க. உங்க கஸ்டமருங்க பூரிக்கு முன்னாடி சிக்னலைச் சாப்பிட்டுடறாங்க. பக்கத்து லாட்ஜ், எதிர்த்த செல்போன் கடை, மாடியில டியூஷன், அத்தனை பேரோட வைஃபையும் உங்க ஹால்லதான் வந்து முட்டிக்குது."

"அப்போ ப்ளூடூத்?"

"அது டேபிள்ல இருந்து கை கழுவுற தொட்டி வரைக்கும் நடக்கும். அப்புறம் உட்கார்ந்து மூச்சு வாங்கும்."

"வேற என்னதான் செய்யறது?"

வேறு இருந்தது. தோட்டத்து மோட்டாரை வீட்டிலிருந்தபடியே போடுகிற கருவிகளில் இருக்குமே, தாழ்ந்த அலைவரிசை, அது. மெதுவாகப் பேசும், ஆனால் சுவரையும் ஆளையும் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிடும். இரண்டு இட்லி ஒரு வடை என்று சொல்வதற்கு அதற்கு மேல் என்ன வேகம் வேண்டிக் கிடக்கிறது? சரியான பதில் அதுதான். அது எனக்கு அன்றே தெரியும். அதைப் பொருத்திக் கொடுத்திருந்தால் ஒரே வாரத்தில் எல்லோரும் மறந்துபோயிருப்பார்கள், கருவியையும் என்னையும்.

அந்த வருஷம்தான் தொடு அலை புதிதாக வந்திருந்தது. காற்றில் போகாமல் உடம்பு வழியாகப் போகும் அலை. கைப்பொட்டியை அமுக்கினால் ஒரு சின்னத் துடிப்பு உள்ளங்கையில் இறங்கி, உடம்போடு போய், பாதத்தின் வழியாகத் தரையைத் தொட்டு, ஆறடி தள்ளி நிற்கும் அடுத்த சர்வரின் காலில் ஏறி, அவரிடமிருந்து அடுத்தவருக்குத் தாவி, இப்படியே அடுக்களைக்குப் போய்விடும். ஒவ்வொரு ஆளும் ஒரு கம்பம். திருச்சியில் ஒரு ஹோட்டலிலும் அது கிடையாது. போதாதா எனக்கு?

"கூட்டத்தைக் கண்டு ஓடுற அலையை வெச்சுக்கிட்டு ஏன் கஷ்டப்படணும்? ஆளு மேலயே நடக்கிற அலையை வைப்போம்" என்றேன்.

மறுநாள் பதினோரு மணிக்கு ஹாலில் சர்வர்களை நிறுத்தி விளக்கினேன். எல்லோரும் செருப்பைக் கழற்ற வேண்டும், பாதம் தரையில் படவேண்டும் என்றதும் ஒரு முணுமுணுப்பு.

"உடம்புக்குள்ள கரண்ட் விடப்போறீங்களா சார்?" என்று கேட்டார் பின்வரிசையிலிருந்த சவரிமுத்து.

"கரண்ட் இல்லய்யா. கரண்டோட கொள்ளுப்பேரன். உனக்கே தெரியாம போயிட்டு வந்துடுவான்."

சவரிமுத்துவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பத்திரண்டு வயது, அதில் இருபது வருஷம் தில்லை விலாஸில். அவருக்கு உள்ளங்கை எப்போதும் வியர்த்துக்கொண்டே இருக்கும். மார்கழியிலும் வியர்க்கும். ஆர்டர் எழுதினால் சீட்டில் மை ஓடிவிடும். டம்ளரை வைத்தால் வாடிக்கையாளர் அதிலுள்ள விரல் தடத்தைப் பார்ப்பார், பிறகு அவர் முகத்தைப் பார்ப்பார். அதனால் அவரைச் சாம்பார் வாளிக்கு விட்டிருந்தார்கள். வாளிக்குக் கைப்பிடி உண்டு. யாரும் எதையும் பார்க்க வேண்டாம். தோளில் இரண்டு துண்டு போட்டிருப்பார், ஒன்று மேஜைக்கு, ஒன்று கைக்கு.

ஒவ்வொருவராகக் கைப்பொட்டியைப் பிடிக்கச் சொல்லி என் மீட்டரில் பார்த்துக்கொண்டு வந்தேன். முப்பது, இருபத்தெட்டு, முப்பத்தொன்று. சவரிமுத்து தயங்கினார்.

"எனக்கு வேண்டாம் சார். என் பொண்ணே சின்னதுல என் கையைப் பிடிக்காது. சட்டை நுனியைத்தான் பிடிச்சுக்கிட்டு வரும். இது மிஷினு, கெட்டுப்போயிடப் போகுது."

"பிடிய்யா."

பிடித்தார். மீட்டர் எழுபதைத் தாண்டியது. ஈரமான தோலில் அலை வழுக்கிக்கொண்டு ஓடும் என்பது புத்தகத்தில் இருக்கிற சங்கதிதான். ஆனால் எனக்கு அருள் வந்துவிட்டது.

"யோவ் சவரி! நீ மனுஷன் இல்லய்யா, ஆண்டெனா! உன்னை மலைக்கோட்டை உச்சியில நிறுத்தினா தஞ்சாவூருக்கு தோசை ஆர்டர் போகும். நூறு டவர் சேர்ந்தாலும் உன் ஒரு கைக்கு ஆகாது!"

"வகு!" என்றது அடுக்களை. எல்லோரும் சிரித்தார்கள். சவரிமுத்து மட்டும் சிரிக்கவில்லை. தன் உள்ளங்கைகளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும். கவனித்தேன் என்றுதான் நினைக்கிறேன். சந்தோஷமாக இருந்தது, விட்டுவிட்டேன்.

முன் ஹாலுக்கும் பின் ஹாலுக்கும் நடுவில், கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், பன்னிரண்டு அடி வெற்றிடம் உண்டு. மேஜை கிடையாது, யாரும் நிற்பதில்லை, அலை அங்கே தாவ முடியாமல் நின்றுவிடும். சவரியை அங்கே நிறுத்தினோம். அமுக்கிய மாத்திரத்தில் சீட்டு விழுந்தது. தில்லைநாயகம் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

அன்று முதல் சாம்பார் வாளி வேறு ஆளுக்குப் போனது. பன்னிரண்டிலிருந்து மூன்றரை வரை சவரிமுத்து அந்த இடத்தில் நிற்பார். உட்காரமாட்டார், சாயமாட்டார், நாலு மணிக்குத்தான் சாப்பாடு. யாரும் அவரை வற்புறுத்தவில்லை. சர்வர்கள் போகிறபோக்கில், "என்ன சவரியண்ணே, டவர் நாலு கட்டை காட்டுதா?" என்பார்கள். "கொஞ்சம் நகர்ந்துக்குங்க, தட்டு வருது" என்றால், "நான் நகர்ந்தா பின் ஹால் சாப்பிடாது தம்பி, நீ சுத்திக்கிட்டுப் போ" என்பார். கைக்கான துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டார்.

ஹோட்டலும் மாறியது. வேலை கேட்டு வருபவர்களிடம் தில்லைநாயகம் அனுபவத்தை விசாரிப்பதை நிறுத்திவிட்டு உள்ளங்கையை நீட்டச் சொல்ல ஆரம்பித்தார். பதினைந்து வருஷமாகப் பெயர் சொல்லி வாடிக்கையாளர்களை வரவேற்ற ஒருவர், கை உலர்ந்த கை என்பதற்காகப் பின்பக்கம் டீ ஆற்றப் போனார். அதை நான் வேடிக்கைக் கதையாக எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்!

மூன்றாவது மாதம் கைப்பொட்டிகளைப் பதினான்காக்கினோம். ஆட்கள் கூடினார்கள், வழிகள் கூடின. எந்த ஆர்டர் யார் வழியாகப் போனது என்று கணினியில் விழும் பதிவேட்டைப் பார்த்தபோது, அலை சவரியைச் சுற்றிக்கொண்டு வேறு நாலு பாதையில் போவது தெரிந்தது. பத்து ஆர்டரில் ஒன்று அவர் வழியாகப் போனால் அதிகம். அவர் அங்கே நிற்காவிட்டாலும் அந்த ஒன்று பக்கத்து ஆள் வழியாகப் போய்ச் சேரும்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன மிஞ்சும்? ஒரு ஹோட்டலில் ஒரு கருவி சரியாக வேலை செய்கிறது, அவ்வளவுதான். அதை யார் கேட்பார்கள்? ஒற்றை மனிதனின் கையில் ஒரு ஹோட்டலே நிற்கிறது என்பதல்லவா கதை!

ஆவணி மாதம். முகூர்த்த நாள். கரூரிலிருந்து மூன்று ஹோட்டல் முதலாளிகள் தொடு அலையைப் பார்க்க வந்திருந்தார்கள். நான் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பதினொன்றரைக்கே ஆஜர். அவர்களுக்கு நடு ஹாலைக் காட்டிக்கொண்டிருந்தபோது சவரிமுத்து பக்கத்தில் வந்து நின்றார்.

"சார், ஒரு சந்தேகம்."

"கேளு சவரி, இவங்களும் கேக்கட்டும்."

"மத்தியானம் ஒரு மணி நேரம் நான் இல்லேன்னா ஹால் தாங்குமா சார்?"

ஏன் கேட்கிறாய் என்று நான் கேட்கவில்லை. மூன்று புது முகங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. பந்தை எடுத்து என் மட்டைக்கு நேராகப் போட்டது போல இருந்தது.

"கேட்டீங்களா! ஒரு மணி நேரமாம்! யோவ், நீ ஒரு நிமிஷம் நகர்ந்தா இந்த ஹால் மட்டும் இல்லய்யா, சத்திரம் பஸ் ஸ்டாண்டே பட்டினி! முகூர்த்தத்துக்கு வந்தவங்க மாப்பிள்ளையை அடிக்கப் போயிடுவாங்க!"

"வகு!" என்று மாஸ்டர் கத்தினார். கரூர்க்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"சரிங்க சார்" என்றார் சவரி.

அன்றைய மத்தியானம் போல ஒரு மத்தியானம் தில்லை விலாஸில் இருந்ததில்லை. ஒரு ஆர்டர் பிந்தவில்லை, ஒரு சீட்டு மாறவில்லை. பெண்ணுக்குத் தகப்பன் மாதிரி நான் இங்கும் அங்கும் உலாத்திக்கொண்டிருந்தேன். ஒன்று பத்து வாக்கில் சவரி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்ததைக் கண்டேன். தோசை வர எவ்வளவு நேரமாகிறது என்று கணக்குப் பார்க்கிறார் போல என்று நினைத்து, கரூர்க்காரர்களிடம், "பார்த்தீங்களா, என்ன ஈடுபாடு!" என்றேன்.

நாலு நாள் கழித்து, சூப்பர்வைசர் குலசேகரன் காபியை என் முன்னால் வைத்துவிட்டு நகராமல் நின்றார்.

"சவரியண்ணன் ஏன் யாரோடயும் பேசறதில்லைன்னு கேக்க மாட்டீங்களா சார்?"

"ஏன், என்னாச்சு?"

"அவரு பொண்ணு பெலிசியா இருக்குல்ல, நர்ஸு. ரெண்டு வருஷம் முன்னாடி இவருக்குப் பிடிக்காம நாகர்கோவில் பையனைக் கட்டிக்கிச்சு. அன்னைலேர்ந்து அப்பனும் மகளும் பேச்சு இல்லை. அதுக்கு அயர்லாந்துல வேலை. அந்த முகூர்த்தத்தன்னைக்குத்தான் கிளம்புச்சு. அம்மாவுக்கு போன் பண்ணி, 'ரயில் திருச்சியில ஒண்ணு பத்துக்குப் பத்து நிமிஷம் நிக்கும். அப்பாவை வரச் சொல்லு. பேச வேண்டாம், வந்து நின்னா போதும்'னு சொல்லியிருக்கு."

காபி ஆறிக்கொண்டிருந்தது.

"அவரு சம்சாரம் மட்டும்தான் போச்சு. பொண்ணு பெட்டி வாசல்ல நின்னுக்கிட்டு பிளாட்பாரத்தையே பார்த்துச்சாம். அப்பா வரலையான்னுகூட கேக்கலையாம். வண்டி நகர்ற வரைக்கும் ஒரு கையை வெளியில நீட்டியே வெச்சிருந்துச்சாம் சார்."

சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு வளர்ந்த பெண்.

"என்கிட்ட அவர் காரணம் சொல்லலையேப்பா" என்றேன்.

"நீங்க கேட்டீங்களா சார்?"

அவர் போன பிறகு கல்லாவுக்குப் பின்னாலிருந்த கணினியில் அன்றைய பதிவேட்டைத் திறந்தேன். என்ன தேடினேன் தெரியுமா? சவரி அன்று நிஜமாகவே தேவைப்பட்டார் என்பதற்கு ஒரு அத்தாட்சி. முகூர்த்தக் கூட்டம், நூற்று எழுபது பேர். ஒரு நாற்பது ஆர்டராவது அவர் உடம்பின் வழியாகப் போயிருக்கக் கூடாதா? வாழ்நாள் முழுக்க அளந்துவிட்டவன், ஒருமுறையாவது நான் அளந்தது நிஜமாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

பன்னிரண்டரையிலிருந்து இரண்டு வரை நானூற்றுப் பன்னிரண்டு ஆர்டர்கள். சவரிமுத்துவின் வழியாகப் போனவை: பூஜ்யம்.

கருவி பழுது என்று நினைத்தேன். பத்தில் ஒன்று போக வேண்டுமே, அதுவும் எங்கே? குலசேகரனை மறுபடி கூப்பிட்டேன்.

"அன்னைக்கு அவரு கைப்பொட்டி வேலை செஞ்சுதா?"

"பொட்டி நல்லாத்தான் இருந்துச்சு. அவருதான் செருப்போட நின்னாரு."

"செருப்பா?"

"புதுச் செருப்பு சார். தடிச்ச ரப்பர் அடி. ஸ்டேஷனுக்குப் போகணும்னு முந்தின நாள் வாங்கினது. கழட்டுங்கண்ணேன்னு சொல்லத்தான் போனேன். முகத்தைப் பார்த்தேன், சொல்லாம வந்துட்டேன்."

ரப்பர் அடி இருந்தால் தரையிலிருந்து ஒரு துளி அலை காலில் ஏறாது. மூன்றரை மணி நேரம் சவரிமுத்து அந்த ஹாலில் ஒரு மேஜையின் அளவுக்குக்கூட பயன்படாமல் நின்றிருக்கிறார். போகலாம் என்று யாராவது ஒரு வார்த்தை சொன்னால் அப்படியே வாசலைப் பார்த்து ஓடிவிடத் தோதாக, காலில் செருப்போடு.

மூன்றே முக்காலுக்கு ஹால் காலியானதும் அவரிடம் போனேன். என் நாக்குக்கு வேடிக்கை இல்லாமல் பேசிப் பழக்கமில்லை. வழியெல்லாம் சொற்களைக் கழற்றிக் கழற்றிப் போட்டுக்கொண்டே நடந்தேன்.

"சவரி, உட்காரு."

"பரவால்ல சார்."

"நீ இங்க நிக்க வேண்டியதில்லை. மூணாவது மாசத்துல இருந்தே வேண்டியதில்லை. எனக்குத் தெரியும். நான் சொல்லல. அன்னைக்கு நீ கேட்டப்ப, போயிட்டு வான்னு சொல்லியிருக்கணும். அன்னைக்கு உன் வழியா ஒரு ஆர்டர்கூடப் போகலய்யா. ஒண்ணுகூட."

அவர் என்னையே பார்த்தார்.

"வகு!" என்றது அடுக்களை. மாஸ்டருக்கு என் குரல் கேட்டிருக்கிறது. என்ன பேசுகிறேன் என்பது கேட்கவில்லை. பழக்கம்.

சவரிமுத்துவின் முகத்தில் ஏதோ இளகியது. மூழ்கிக்கொண்டிருப்பவனுக்குக் கால் தட்டுப்பட்டது மாதிரி.

"கேட்டீங்களா சார் மாஸ்டரை?" என்று மெதுவாகச் சிரித்தார். "இங்க எல்லாரும் உங்க பேச்சைப் பத்தால வகுத்துக்குவாங்க. நான் ஒருநாளும் வகுத்ததில்லை சார். நீங்க ஆண்டெனான்னீங்க, ஆண்டெனான்னு நம்பினேன். பஸ் ஸ்டாண்டே பட்டினின்னீங்க, சரின்னு நின்னேன். இன்னிக்கு மட்டும் வகுத்துக்கிறேனே."

"சவரி…"

"பத்துல ஒரு பங்காவது நான் தேவைப்பட்டிருப்பேன்ல சார்? அன்னைக்கு?"

பூஜ்யத்தை எதால் வகுத்தாலும் பூஜ்யம்தான். ஆறாம் வகுப்புக் கணக்கு. அது என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

சாப்பாட்டு நேரம் தப்பிய இரண்டு பேர் உள்ளே வந்து நாலாம் நம்பர் மேஜையில் உட்கார்ந்தார்கள். சவரி அவர்களைப் பார்த்தார். பாதங்கள் வெறுமையாகத் தரையில் பதிந்திருக்கின்றனவா என்று குனிந்து ஒருமுறை சரிபார்த்தார். கைகளைத் துடைத்துக்கொள்ளாமல், விரல்களைச் சற்றே விரித்துவைத்துக்கொண்டு, என் பதிலுக்காகக் காத்து நின்றார்.

"தேவைப்பட்டே சவரி" என்றேன். "பத்துல ஒரு பங்கு."

நான் சொன்னதிலேயே மிகச் சின்னப் பொய் அது. அடுக்களையிலிருந்து ஒரு குரலும் வரவில்லை.